கட்டுச்சோறு கட்டும் முன்பே புறப்பட்ட பயணி

பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறை மாவட்டத்தில், நிபோங் தெபால் நகரை அடுத்துள்ளது பைராம் தோட்டம். தோட்டப்புறத்தில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், அந்தச் செய்தி ஒரு வீட்டோடு நிற்பதில்லை. அண்டை அயலார் வந்து பார்ப்பார்கள், தூக்கிக் கொஞ்சுவார்கள், கையில் அன்பளிப்பை வைத்துவிட்டுப் போவார்கள். அது நம் மக்களின் பண்பு.

அப்படிப்பட்ட ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். அந்த வீட்டுக் குழந்தை 30ஆம் வாரத்திலேயே பிறந்துவிட்டான். பிறந்தபோது எடை 1.3 கிலோகிராம். எட்டு வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு இன்றுதான் வீட்டுக்கு வந்திருக்கிறான். வாசலில் ஒரு வாளி நீரும் சவர்க்காரமும் வைக்கப்பட்டுள்ளன. ‘கை கழுவிய பின் உள்ளே வரவும். சளி, இருமல் உள்ளவர்கள் குணமான பின் வரவும்’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறாள் குழந்தையின் அக்காள். அவள் படிவம் நான்கு மாணவி.

பக்கத்து வீட்டு அம்மா இலேசான தடுமலோடு வந்தார், தாளைப் படித்தார், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். அதைப் பார்த்த பாட்டிக்கு மனம் பொறுக்கவில்லை.

“இந்த வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் தூக்கி வளர்த்தவள் அவள். அவளை வாசலோடு அனுப்பிவிட்டீர்களே! எடைதானே குறைவாக இருந்தது? அதுதான் இப்பொழுது 2.4 கிலோ ஏறிவிட்டதே. மற்றப் பிள்ளைகளுக்கும் இவனுக்கும் இன்னும் என்ன வேறுபாடு?” என்று கேட்டார்.

பாட்டியின் கேள்வி நியாயமானது. எடையைத் தராசில் பார்க்கலாம். ஆனால், தராசு காட்டாத ஒரு குறையும் அக்குழந்தையிடம் உண்டு. அதுதான் நோய் எதிர்ப்பாற்றல்.

குறைமாதக் குழந்தை யார்?

மனிதக் கரு தாயின் வயிற்றில் ஏறக்குறைய 40 வாரம் வளர்கிறது. 37 வாரம் நிறைவடைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 28 வாரத்திற்கும் முன்பே பிறக்கும் குழந்தைகளும் உள்ளனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தனர். அதாவது, பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கும் சற்று மேல். இக்குழந்தைகளை நினைவுகூர்ந்து ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 17ஆம் நாள் உலகக் குறைமாதக் குழந்தைகள் தினமாக அனுசரிக்கப்படுகிறது.

கருவறையில் உருவாகும் படை

நம் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பை ஒரு கோட்டைக் காவலுக்கு ஒப்பிடலாம். தோலும் சளிச்சவ்வும் அக்கோட்டையின் மதில்கள். மதிலைத் தாண்டி வரும் கிருமிகளை உடனே எதிர்ப்பவை சிலவகை வெள்ளை இரத்த அணுக்கள். இவை ‘வந்தவன் யார்’ என்று ஆராய்வதில்லை. அந்நியன் என்றால் விழுங்கிவிடும். இது பிறவி எதிர்ப்பாற்றல். இதற்கு அடுத்த நிலையில் டி அணுக்களும் பி அணுக்களும் உள்ளன. ஒவ்வொரு கிருமியையும் அடையாளம் கண்டு, அதற்கேற்ற ஆயுதத்தைச் செய்து, அக்கிருமியை நினைவிலும் வைத்துக்கொள்வது இவற்றின் வேலை. இது பெற்ற எதிர்ப்பாற்றல். பி அணுக்களின் வழி உருவாகும் ஆயுதமே எதிர்ப்பொருள்.

இப்படையின் உருவாக்கம் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. கருவின் கல்லீரல் இரத்த அணுக்களை உண்டாக்குகிறது. பிறகு அப்பணியை எலும்பு மஜ்ஜை ஏற்றுக்கொள்கிறது. நெஞ்செலும்பின் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி, டி அணுக்களின் பயிற்சிக்கூடம். ‘எது நம் உடல், எது அந்நியம்’ என்ற பாடத்தை அவை அங்கேதான் கற்கின்றன.

ஆனால், கருவறையில் இருக்கும் வரை இப்படை போருக்குப் போவதில்லை, போகவும் கூடாது. ஏன்? குழந்தையின் உடலில் பாதி தந்தையின் மரபு. எனவே, தாயின் உடலுக்குக் குழந்தையும் குழந்தையின் உடலுக்குத் தாயும் ஓரளவு அந்நியர்களே. இருவரும் ஒன்பது மாதம் சண்டையின்றி வாழ வேண்டும். அதனால், குழந்தையின் எதிர்ப்பு அமைப்பு இயல்பாகவே அடங்கி இருக்கிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தை, இந்த அடங்கிய படையோடுதான் கிருமிகள் நிறைந்த வெளியுலகுக்கு வருகிறது. அப்படையிலும் வீரர்கள் குறைவு. கிருமி நுழைந்தால் விரைந்து செல்ல வேண்டிய வெள்ளை அணுக்களின் கையிருப்பு சிறியது. அது போரில் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

மதிலும் முழுமை பெறவில்லை. தோலின் மேலடுக்கு ஏறக்குறைய 32 முதல் 34 வாரங்களில்தான் உறுதிப்படுகிறது. அதற்கு முன் பிறக்கும் குழந்தையின் தோல் மிக மெல்லியது. அதன் வழியே உடலின் நீரும் சூடும் வெளியேறும். கிருமி உள்ளே நுழையும். மருந்து செலுத்தக் குத்தப்படும் ஊசியும் மூச்சுக்காகப் பொருத்தப்படும் குழாயும் உயிரைக் காப்பவைதாம். எனினும், அவையும் மதிலில் திறந்த வாசல்களே. ஆகவேதான், தாதியர் ஒவ்வொரு முறையும் அவ்வளவு கவனமாகக் கை கழுவுகிறார்கள்.

தாய் கட்டித்தரும் கட்டுச்சோறு

தன் படை முதிரும் வரை குழந்தை எப்படிப் பிழைக்கிறது? தாய் தன்னிடமுள்ள ஆயுதங்களைக் கொடுத்து அனுப்புகிறாள். வெளியூர் செல்லும் பிள்ளைக்கு அம்மா கட்டுச்சோறு கட்டித் தருவதைப் போன்றது இது. போய்ச் சேர்ந்து, தானே உலை வைத்துச் சமைக்கும் வரை பசியாற அந்தச் சோறு போதும்.

தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்களில் ஐஜிஜி என்னும் ஒருவகை மட்டுமே நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைகிறது. அதுவும் தானாகக் கசிந்து போவதில்லை. நஞ்சுக்கொடியில் உள்ள ஒருவகைப் புரதம் அதனைப் பிடித்து மறுபக்கம் கொண்டு சேர்க்கிறது. அம்மை முதல் சளிக்காய்ச்சல் வரை, தாய் தன் வாழ்நாளில் வென்ற நோய்களுக்கும் போட்டுக்கொண்ட தடுப்பூசிகளுக்கும் உரிய எதிர்ப்பொருள்கள் இப்படிப் பிள்ளைக்குச் சேர்கின்றன.

இந்தக் கட்டுச்சோறு எப்பொழுது கட்டப்படுகிறது என்பதில்தான் நம் பாட்டியின் கேள்விக்கு விடை இருக்கிறது. எதிர்ப்பொருளின் பயணம் ஏறக்குறைய 13ஆம் வாரத்தில் தொடங்கினாலும், முதலில் மிக மெதுவாகவே நடக்கிறது. 17 முதல் 22 வாரங்களில் குழந்தையிடம் உள்ளது, தாயிடம் உள்ள அளவில் 5 முதல் 10 விழுக்காடுதான். 28 முதல் 32 வாரங்களில் அது பாதி அளவை எட்டுகிறது. கடைசி நான்கு வாரங்களில்தான் பெரும்பகுதி வந்து சேர்கிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையிடம் தாயைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஐஜிஜி இருக்கும்.

நம் வீடுகளில் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்துவார்கள். வெளியே அவள் கைகளில் வளையல் அடுக்கப்படும் அந்த மாதங்களில், உள்ளே பிள்ளையின் இரத்தத்தில் காவல் அடுக்கப்படுகிறது. 30ஆம் வாரத்தில் பிறந்த குழந்தை, கட்டுச்சோற்றில் பாதியைக்கூடச் சரியாகப் பெறாமல் புறப்பட்டுவிட்ட பயணி. பெற்ற சிறு பங்கும் நாளாக நாளாகக் குறையும். ஏறக்குறைய மூன்று வாரத்திற்கு ஒருமுறை அது பாதியாகிறது. ஆகவே, குழந்தை 2.4 கிலோ எடையை எட்டியிருக்கலாம். ஆனால், கருவறையில் கிடைக்க வேண்டிய எதிர்ப்பொருளை அந்த எடை ஈடு செய்துவிடாது.

குன்றிமணி சொன்ன உண்மை

தாயிடமிருந்து பிள்ளைக்கு எதிர்ப்பாற்றல் செல்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இதற்கு உதவியவை நாம் நன்கறிந்த இரண்டு விதைகள்: குன்றிமணியும் ஆமணக்கும். குன்றிமணியில் அப்ரின் என்னும் நஞ்சும் ஆமணக்கு விதையில் ரிசின் என்னும் நஞ்சும் உள்ளன.

1892ஆம் ஆண்டில் செர்மானிய அறிஞர் பால் எர்லிக், எலிகளுக்கு இந்நஞ்சுகளை முதலில் மிகச் சிறிய அளவிலும் பிறகு சிறிது சிறிதாகக் கூட்டியும் கொடுத்தார். நாளடைவில், மற்ற எலிகளைக் கொல்லும் அளவு நஞ்சையும் அவை தாங்கிக்கொண்டன. அத்தகைய தாய் எலிகள் ஈன்ற குட்டிகளுக்கும் அந்த ஆற்றல் இருந்தது. தந்தை எலிக்கு மட்டும் ஆற்றல் இருந்தபோது குட்டிகளுக்கு அது கிடைக்கவில்லை. பிறகு அவர் குட்டிகளை மாற்றி வைத்தார். சாதாரண எலி ஈன்ற குட்டிகள், எதிர்ப்பாற்றல் பெற்ற எலியிடம் பால் குடித்தன. அக்குட்டிகளும் நஞ்சைத் தாங்கின! தாய் தன் காவலைக் கருவறை வழியாகவும் தருகிறாள்; பால் வழியாகவும் தருகிறாள் என்பது இதனால் புலப்பட்டது. எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுகளுக்காக எர்லிக் 1908ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முதல் வழி பாதியில் அறுந்துபோன குழந்தைக்கு இரண்டாம் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளின் மருத்துவத்தில் இது மிகப்பெரிய நம்பிக்கை.

மஞ்சள் நிறத் துளிகள்

பிறந்த முதல் சில நாள்களில் சுரக்கும் மஞ்சள் நிறப் பால் சீம்பால் எனப்படும். முன்பு சிலர் அதனைக் ‘கெட்ட பால்’ என்று எண்ணிப் பீய்ச்சிக் கீழே ஊற்றியதும் உண்டு. உண்மையில், அதில் எதிர்ப்பாற்றல் தரும் பொருள்கள் செறிந்துள்ளன. சீம்பாலில் உள்ள ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருள், குழந்தையின் குடற்சுவர் மீது படிந்து கிருமி ஒட்டாமல் தடுக்கிறது. லாக்டோஃபெரின் என்னும் புரதம், கிருமிகள் பெருகத் தேவையான இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தாயின் உயிருள்ள வெள்ளை அணுக்களும் பாலோடு வருகின்றன.

இன்னொரு வியப்பும் உண்டு. தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள் ஏராளமாக உள்ளன. அவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது. பிறகு ஏன் அவை பாலில் இருக்கின்றன? அவை குழந்தைக்கான உணவல்ல. குழந்தையின் குடலில் குடியேறும் நன்மை தரும் நுண்ணுயிரிகளுக்கான உணவு. அந்நுண்ணுயிரிகள் பெருகினால் தீய கிருமிகளுக்கு இடம் இல்லாமல் போகும். நல்ல நுண்ணுயிரிகளோடு பழகித்தான் குழந்தையின் எதிர்ப்பு அமைப்பு பகைவனையும் நண்பனையும் பிரித்தறியக் கற்கிறது.

குறைமாதக் குழந்தைகளின் குடலில் கடுமையான அழற்சி ஏற்பட்டுக் குடலின் ஒரு பகுதியே அழுகிப்போகும் ஆபத்து உண்டு. 1990ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு 926 குறைமாதக் குழந்தைகளைக் கண்காணித்தது. தாய்ப்பால் மட்டும் பெற்ற குழந்தைகளைவிடப் பால்மாவு மட்டும் பெற்ற குழந்தைகளுக்கு அந்நோய் 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்ததை அது காட்டியது.

30 வாரக் குழந்தைக்கு உறிஞ்சிக் குடிக்கவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒருசேரத் தெரியாது. எனவே, தாய் பாலைப் பீய்ச்சித் தர, அது மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குச் செலுத்தப்படுகிறது. ஒரு வேளைக்கு ஒரு மில்லிலிட்டர், இரண்டு மில்லிலிட்டர் என்று தொடங்கும் உணவு அது. பிள்ளையைத் தூக்கவும் முடியாமல் கண்ணாடிப் பெட்டியின் அருகே நிற்கும் தாய்க்கு, ‘நான் என்ன செய்ய முடியும்?’ என்ற ஏக்கம் எழும். அவள் கொண்டுவரும் அச்சிறு துளிகள், எந்தக் கடையிலும் கிடைக்காத மருந்து என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

தாராவியின் அருகே பிறந்த பால் வங்கி

தாய்க்குப் பால் சுரக்கவில்லை என்றால்? அல்லது அவளே நோயுற்றிருந்தால்? இக்கேள்விக்கு மும்பையில் ஒரு வழி பிறந்தது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர்கள் பலர் தலைமுறை தலைமுறையாக வாழும் தாராவியின் அருகில் சயான் மருத்துவமனை இருக்கிறது. ஏழை எளியோர் நாடிவரும் அந்த அரசு மருத்துவமனையில், பச்சிளங்குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989ஆம் ஆண்டில் தாய்ப்பால் வங்கியை ஏற்படுத்தினார். ஆசியாவிலேயே முதலாவதாகக் குறிப்பிடப்படும் தாய்ப்பால் வங்கி அதுதான். பால் மிகுதியாக உள்ள தாய்மார்கள் மனமுவந்து தருவதைச் சோதித்து, சூடாக்கிக் கிருமி நீக்கி, உறைய வைத்துத் தேவைப்படும் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். சூடாக்கும்போது சில காவற்பொருள்கள் குறைந்துவிடும். ஆதலால், தன் தாயின் பாலே முதன்மையானது. அது கிடைக்காதபோது இது கைகொடுக்கிறது.

நெஞ்சின் சூடு

தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவில், 1978ஆம் ஆண்டில் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா ஒரு நெருக்கடியைச் சந்தித்தார். குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வெப்பப் பெட்டிகள் இல்லை. ஒரே பெட்டியில் பல குழந்தைகள் கிடந்தனர். நோய்த்தொற்று எளிதில் பரவியது. அவர் குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சோடு நிமிர்த்தி அணைத்து வைக்கச் சொன்னார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதைப் போன்ற இம்முறைக்குக் ‘கங்காரு பராமரிப்பு’ என்று பெயர் வந்தது.

இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்கும் குறைவான எடையுள்ள குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்தபோது, முதல் 28 நாளில் நேரும் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. கிருமித் தொற்றும் குறைவாக இருந்தது.

அணைப்புக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் என்ன தொடர்பு? மருத்துவமனைக் கிருமிகளுக்கு முன்பே தாயின் தோலில் வாழும் பழகிய நுண்ணுயிரிகள் குழந்தையின் தோலில் குடியேறுகின்றன. பாலும் நன்கு சுரக்கிறது. அதோடு, பிள்ளையைச் சுற்றியுள்ள கிருமிகளைத் தாயின் உடலும் சந்திக்கிறது. அவற்றுக்கான எதிர்ப்பொருளை அது உருவாக்கிப் பாலில் சேர்க்கிறது.

வீட்டில் தொடரும் காவல்

மருத்துவமனையை விட்டு வந்ததும் ஆபத்து முழுமையாக நீங்கிவிடுவதில்லை. பெரியவர்களுக்கு மூக்கொழுகலோடு போய்விடும் ஒரு சளிக் கிருமி, இக்குழந்தையின் சின்னஞ்சிறு நுரையீரலில் மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். ஆகவே, குழந்தையைத் தொடும் முன் சவர்க்காரத்தால் குறைந்தது 20 விநாடி கை கழுவ வேண்டும். நோயுற்றவர்கள் அருகில் செல்லக்கூடாது. வீட்டினுள் யாரும் புகைபிடிக்கக் கூடாது.

தடுப்பூசியில் பலர் ஓர் ஐயம் கொள்வர். ‘பிள்ளை இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்தான். அதனால், தடுப்பூசியையும் இரண்டு மாதம் தள்ளிப் போடலாமா?’ கூடாது. பொதுவாகத் தடுப்பூசிக்குப் பிறந்த தேதியே கணக்கு. பிறந்தவுடன் போடப்படும் ஓரிரு ஊசிகளை மட்டும் எடையையும் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர் சற்றுத் தாமதப்படுத்தக்கூடும். கட்டுச்சோறு குறைவாகப் பெற்ற பிள்ளை சீக்கிரமே சமைக்கக் கற்றாக வேண்டும் அல்லவா? தடுப்பூசி அந்தப் பாடத்தைத்தான் கற்றுத் தருகிறது.

குறைமாதக் குழந்தைகளின் எதிர்ப்பு அமைப்பு நாளடைவில் முதிர்ந்து வலுப்பெறும். முதல் ஓரிரு ஆண்டுகளில்தான் மிகுந்த கவனம் தேவை. அக்கவனத்தோடு வளர்ந்தவர்கள் நம்மிடையே மாணவர்களாகவும் ஆசிரியர்களாகவும் உலவுகிறார்கள். அவர்களை நாம் அடையாளம்கூடக் காண்பதில்லை.

இவற்றையெல்லாம் பேத்தி விளக்கியபோது பாட்டி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “எங்கள் காலத்திலும் முப்பது நாளுக்குப் பிள்ளையை வெளியே கொண்டுபோக மாட்டோம். கண்டவர்கள் கையிலும் கொடுக்க மாட்டோம். தீட்டு என்று சொன்னோம். நீங்கள் கிருமி என்கிறீர்கள்.” சற்று நேரம் கழித்து எழுந்தார். “அந்தத் தாளை நீ ஒட்டியது சரிதான். ஆனால், தாளைப் படித்தால் மனம் நோகும். வாயால் சொன்னால் நோகாது. மிஸ்ஸி சொன்னதை நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். சளி போனதும் அவள்தான் இவனை முதலில் தூக்க வேண்டும்.”

திரும்பி வந்ததும் பாட்டி வாசலில் நின்றார். யாரும் சொல்லாமலேயே வாளி நீரில் கையை நனைத்துச் சவர்க்காரத்தை எடுத்தார்.

அருஞ்சொற்பொருள்

எதிர்ப்பொருள் – கிருமியை அடையாளம் கண்டு செயலிழக்கச் செய்ய உடல் உருவாக்கும் புரதம்
நஞ்சுக்கொடி – கருவறையில் தாயையும் சேயையும் இணைத்து உணவும் உயிர்வளியும் தரும் உறுப்பு
சீம்பால் – குழந்தை பிறந்த முதல் சில நாள்களில் சுரக்கும் பால்
அழற்சி – கிருமியாலோ காயத்தாலோ உடலின் ஒரு பகுதி சிவந்து வீங்குதல்
கட்டுச்சோறு – பயணத்தின்போது உண்பதற்காகக் கட்டி எடுத்துச் செல்லும் உணவு
மிஸ்ஸி – தாதியைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல்

கருத்துணர் கேள்விகள்

1. குறைமாதக் குழந்தை என்பது எத்தனை வாரம் நிறைவடைவதற்கு முன் பிறக்கும் குழந்தை?
2. கருவறையில் இருக்கும் குழந்தையின் எதிர்ப்பு அமைப்பு அடங்கி இருப்பதற்கான காரணம் யாது?
3. தாயின் எதிர்ப்பொருளைக் கட்டுச்சோற்றுக்கு ஒப்பிடுவது எவ்வாறு பொருந்துகிறது? இரண்டு காரணங்களை எழுதுக.
4. எர்லிக் குட்டிகளை மாற்றி வைத்ததன் நோக்கம் என்னவாக இருக்கலாம்?
5. ‘தாளைப் படித்தால் மனம் நோகும், வாயால் சொன்னால் நோகாது’ என்னும் பாட்டியின் கூற்றின் வழி அவருடைய பண்புநலனை விளக்குக.
6. பச்சிளங்குழந்தையைப் பார்க்க வரும் உறவினரிடம் மனம் நோகாதவாறு கை கழுவச் சொல்வது எப்படி? ஓர் உரையாடலாக எழுதுக.